குளம்பு முதல் கடைவாய் வரை: மண்ணில் கிடைக்கும் குதிரைக் கருவிகளை இனங்காணுதல்

பழைய வீட்டின் கொல்லையில் கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி வெட்டும்போதும், பொக்லைன் வைத்துத் தோப்பைச் சமன் செய்யும்போதும் துருப்பிடித்த இரும்புகள் மேலே வரும். கொழுமுனை, கடப்பாரைத் துண்டு, வண்டிப் பட்டா என்று அடையாளம் தெரிந்தவற்றை ஒரு பக்கம் எடுத்து வைத்துவிடலாம். என்னவென்றே புரியாத சில மட்டும் திண்ணையில் கிடக்கும். நுனி சுருண்ட ஒரு கத்தி, ஒரு முனையில் உளியும் மறு முனையில் கூருமாகக் கைப்பிடியே இல்லாத ஒரு துண்டு, வரிசை வரிசையாகப் பல் வைத்த ஒரு தகடு. இரண்டு நாள் பார்த்துவிட்டு எடைக்குப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போகிறவற்றில் குதிரை வைத்திருந்தவர்களின் கருவிகளும் உண்டு. அவற்றோடு அந்த நிலத்தின் வரலாறும் போய்விடுகிறது.

இவற்றை அடையாளம் காண நிபுணராக இருக்க வேண்டியதில்லை. கையில் உள்ள பொருளின் பெயர் என்ன என்று தேடத் தொடங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். அது குதிரையின் உடம்பில் எந்த இடத்தைத் தொட்டது என்று கேளுங்கள். குளம்பைத் தொட்ட கருவியின் முனை ஒரு மாதிரி இருக்கும், தோலைத் தொட்டது வேறு மாதிரி, வாய்க்குள் போனது இன்னொரு மாதிரி. முனையும் அதன் தேய்மானமும் வேலையைச் சொல்லும். வேலை தெரிந்தால் பெயர் தானே வந்துவிடும். இந்த அத்தியாயம் அந்த வரிசையிலேயே செல்கிறது.

எந்த நிலத்தில் எதிர்பார்க்கலாம்

தமிழகத்துக்குக் குதிரை கடல் வழியாக வந்து இறங்கியது பழைய கதை. பாண்டிய நாட்டில் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இருந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் பெருந்தொகைக்குக் குதிரைகள் வாங்கப்படுவதையும், பராமரிக்கத் தெரிந்த லாடக்காரர்கள் இல்லாததால் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். ஆகவே தோட்டத்தில் கிடைத்த லாடத்தைப் பார்த்ததும் பாண்டியர் காலம் என்று முடிவு கட்ட வேண்டாம். நம் நிலங்களில் கிடைக்கும் இரும்பு பெரும்பாலும் கடந்த இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு உட்பட்டதாகவே இருக்கும்.

அந்தக் காலத்தில் குதிரை புழங்கிய இடங்களை நினைவில் கொள்ளுங்கள். ஆற்காடு, திருச்சி, பரங்கிமலை போன்ற படை ஊர்களைச் சுற்றிய நிலங்கள். ஓசூரை அடுத்த மத்திகிரி போல் படைக்குக் குதிரை வளர்த்த பண்ணைகள். ஜமீன் அரண்மனைகளின் பின்கட்டு. நீலகிரி, ஆனைமலைப் பக்கத்துத் தோட்டத் துரைமார்களின் பங்களாக்கள். பெருவழிச் சாலைகளில் இருந்த சத்திரங்கள். ரயில் நிலையத்துக்கு அருகில் ஜட்கா வண்டிக்காரர்கள் குடியிருந்த தெருக்கள். கும்பகோணம், பழனி போன்ற ஊர்களில் ஜட்கா ஓடியதைப் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் நிலம் இவற்றில் ஒன்றோடு சேர்ந்ததா என்று பழைய பத்திரத்தையும் ஊர்ப் பெரியவர்களையும் கேட்டுப் பாருங்கள். "லாயத்து மேடு", "குதிரைக்காரன் தோட்டம்" என்பது போல் நிலத்துக்கு ஒரு பெயர் வழங்கினால் அதுவும் நல்ல சாட்சி.

கை வைக்கும் முன்

குதிரைச் சாணம் சேர்ந்த மண்ணில் வில்வாத நோயின் (டெட்டனஸ்) கிருமி நெடுங்காலம் உயிரோடு கிடக்கும். அந்தக் கிருமி குதிரையின் குடலிலேயே வாழ்வது. லாயம் இருந்த இடத்தில் தோண்டுகிறவர் கெட்டியான கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். தடுப்பூசி போட்டு நாளாகியிருந்தால் மருத்துவரைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். கீறல் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவி அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

பொருளை மண்ணிலிருந்து பிடுங்குவதற்கு முன் கிடந்த நிலையிலேயே ஒரு படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வையுங்கள். ஆழத்தைக் குறியுங்கள். சுற்றியுள்ள மண்ணையும் பாருங்கள். கரி, இரும்புக் கசடு, சாம்பல் கலந்திருந்தால் அங்கே உலை இருந்திருக்கலாம். விரல் நுனி அளவில் முறுக்கி ஒடித்த ஆணி முனைகள் கொத்தாகக் கிடந்தால் அது லாடம் அடித்த இடம். இந்த ஆணி முனைகள் யார் கண்ணிலும் படாமல் மண்ணோடு போய்விடும். ஒரு முழு லாடத்தைவிட இடத்தை உறுதியாகக் காட்டுபவை இவையே. தோண்டிய மண்ணை ஒருமுறை சல்லடையில் சலித்துவிடுங்கள்.

முதல் கேள்வி: குதிரையா, மாடா?

தமிழக நிலத்தில் கிடைக்கும் லாடங்களில் மாட்டு லாடத்துக்கே அதிக வாய்ப்பு. பாரவண்டி இழுத்த காளைகள் ஊர்தோறும் இருந்தன. இரண்டையும் பிரிப்பது எளிது. மாட்டின் குளம்பு பிளவுபட்டது. ஆகவே அதன் லாடம் பிறை வடிவில், தட்டையான, மெல்லிய தனித்தனித் தகடாக இருக்கும். ஒரு காலுக்கு இரண்டு தகடு. துளைகள் வெளிவளைவை ஒட்டி ஒரே வரிசையில் இருக்கும். குதிரையின் குளம்பு ஒற்றைக் குளம்பு. அதன் லாடம் பின்பக்கம் திறந்த ஒரே வளைவு. துளைகள் இரண்டு கரங்களிலும் இருக்கும்.

உடைந்த குதிரை லாடத்தின் பாதி, மாட்டு லாடம் போலத் தோன்றலாம். அப்போது கனத்தைப் பாருங்கள். குதிரை லாடம் தடிமனான பட்டை. உடைந்த முகம் தெரியும். மாட்டுத் தகட்டின் இரு முனைகளும் அடித்து ஒழுங்காக முடிக்கப்பட்டிருக்கும்.

கழுதை, கோவேறு கழுதைகளின் லாடம் குறுகலாக, பக்கங்கள் ஏறத்தாழ நேராக இருக்கும். மட்டக்குதிரையின் லாடம் குறுக்களவில் ஏறத்தாழ 4 அங்குலம்; ஆஸ்திரேலியாவிலிருந்து சென்னைக்குக் கப்பலில் வந்த பெரிய படைக் குதிரைகளின் லாடம் 5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். வட்டத் தகடாக, குளம்படி முழுவதையும் மூடி நடுவில் மட்டும் துளை விட்டிருந்தால் அது அரபு, துருக்கிய வழி லாடம். அலுமினியத்தில் மிக மெல்லியதாக இருந்தால் பந்தயக் குதிரையினுடையது, வயதில் இளையது.

ஒரு லாடத்தைப் படிப்பது

லாடம் ஒன்று கிடைத்தால் அவசரப்படாமல் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். அது சொல்லும் விவரங்கள் ஏராளம்.

முதலில் வடிவம். முன்பகுதி நல்ல வட்டமாக இருந்தால் முன்காலுடையது. முட்டை நுனி போல் சற்றுக் கூராக இருந்தால் பின்காலுடையது. அடுத்து துளைகளை எண்ணுங்கள். ஆங்கிலேய வழக்கத்தில் வெளிக்கரத்துக்கு நான்கு, உள்கரத்துக்கு மூன்று என ஏழு ஆணி. நான்கு துளை உள்ள கரம் வெளிப்பக்கம் என்று வைத்துக்கொண்டு, தரையில் பட்ட முகத்தைக் கீழே வைத்துப் பார்த்தால் இடது காலா வலது காலா என்பதையும் சொல்லிவிடலாம்.

தரையில் பட்ட முகத்தில் துளைகளை இணைத்து ஒரு வாய்க்கால் ஓடுகிறதா பாருங்கள். ஆணித் தலை அதற்குள் அமர்ந்து தேயாமல் இருக்கவும், பிடிப்புக்காகவும் அதை அடித்திருப்பார்கள். முன் விளிம்பில் நாக்குப் போல் ஒரு சிறு மடிப்பு எழும்பியிருந்தால் அது லாடம் பின்னோக்கி நகராமல் குளம்பின் சுவரைப் பிடித்துக்கொள்வதற்கு. பின் நுனிகள் கீழ்நோக்கி மடிந்திருந்தால் வழுக்கும் தரையிலோ சரிவிலோ வேலை செய்த குதிரை.

கடைசியாகத் தேய்மானம். முன்நுனி காகிதம் போல் மெலிந்து பின்கரங்கள் கனமாக இருந்தால், கல் பாவிய சாலையில் பாரம் இழுத்த குதிரை என்று ஊகிக்கலாம். காலை ஊன்றி உந்தும்போது முன்நுனிதான் தேயும். ஒரு கரம் மட்டும் தேய்ந்திருந்தால் நடை கோணல், அல்லது காலில் நோவு. தேய்மானமே இல்லாமல் துளைகள் கூர்மையாக இருந்தால் அது காலில் ஏறாத லாடம், பட்டறையின் இருப்பு. துளைக்குள் ஆணி இன்னும் நின்றால் பிடுங்காதீர்கள். லாட ஆணியின் தண்டு தட்டையாகவும் நீள்சதுரமாகவும் இருக்கும். நுனியின் ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியிருக்கும். குளம்புக்குள் போகும்போது உயிருள்ள சதைப் பக்கம் திரும்பாமல் வெளிச்சுவர் வழியாக வளைந்து வெளியே வரவேண்டும் என்பதற்காக. கால் அங்குல இரும்பில் இவ்வளவு கவனம் வைத்தவர்களின் கைவேலை அது.

குளம்பைத் தொட்ட கருவிகள்

குதிரையின் குளம்பு நம் நகம் போல் வளர்ந்துகொண்டே இருப்பது. மாதத்துக்குக் கால் அங்குலத்துக்கு மேல் வளரும். அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்க வேண்டும். அந்த வேலையின் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருவி உண்டு. மண்ணில் அதிகம் கிடைப்பவையும் இவையே.

*கொக்கி.* குளம்படியில் அடைந்த சாணம், மண், கல்லை நோண்டி எடுப்பது. 4 முதல் 6 அங்குல நீளம், நுனி வளைந்து மொட்டையாக இருக்கும், மறுமுனையில் ஆணியில் மாட்டும் வளையம். நுனி ஊசியாக இருந்தால் இது அல்ல. மூட்டை தூக்கும் கொக்கியாக இருக்கலாம். குளம்பு புண்படாதிருக்க நுனியை மொட்டையாக்குவது இதன் முக்கிய அடையாளம்.

*ஆணி நிமிர்த்தும் உளி.* இந்த அத்தியாயத்தில் எதையாவது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் இதை வையுங்கள். ஏறத்தாழ 6 அங்குல நீளம், மரப்பிடி கிடையாது, முழுதும் இரும்பு. ஒரு முனை அகலமான மொட்டை வெட்டு. மறுமுனை சதுரக் கூர். வெட்டு முனையை, குளம்புச் சுவரில் மடங்கியிருக்கும் ஆணி நுனிக்கு அடியில் வைத்துச் சுத்தியலால் தட்டினால் மடிப்பு நிமிரும். கூர் முனையால் உடைந்த ஆணியைப் பின்னிருந்து தள்ளி வெளியேற்றலாம். வெட்டு முனையின் முதுகைப் பாருங்கள். பல ஆண்டுகள் அடி வாங்கி அந்த விளிம்பு பிதுங்கி மடிந்திருக்கும். சாதாரண உளியில் அடி விழுவது தலையில். இதில் அடி விழுவது முதுகில். அந்தப் பிதுக்கம் இருந்தால் லாடக்காரரின் கருவி என்று உறுதியாகச் சொல்லலாம்.

*குறடுகள்.* லாடக்காரரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட குறடு இருக்கும். லாடத்தைப் பிடுங்கும் குறட்டின் வாய் உருண்டு, மொட்டையாக, நுனி மட்டும் சந்திக்கும். உள்ளே வெற்றிடம் இருக்கும். குளம்பை வெட்டும் குறட்டின் வாய் கூர்மையானது, இரண்டு விளிம்பும் இடைவெளி இல்லாமல் சேரும். இரண்டுமே 12 முதல் 15 அங்குல நீளம். ஆசாரியின் குறடு இதைவிடக் குட்டை. ஒரு தாடை வளைந்து மறு தாடையில் பல் வெட்டியிருந்தால், அது லாடம் அடித்து முடித்தபின் ஆணி நுனிகளை மடக்கும் குறடு.

*சீவும் கத்தி.* வளைந்த அலகு, நுனி உள்பக்கமாகச் சுருண்டிருக்கும். குளம்படியின் பள்ளங்களைச் சுரண்ட அந்தச் சுருள் வேண்டும். துருவில் இது ஒடிந்த அரிவாள் போலத் தெரியும். அரிவாளில் நுனி சுருளாது; உள்வளைவில் பல் இருக்கும் அல்லது வெட்டு இருக்கும். எலும்பிலோ மரத்திலோ ஆன கைப்பிடி மண்ணில் மக்கிப்போய், ஆணித் துளைகள் மட்டும் மிஞ்சும்.

*தள்ளு உளி.* ஐரோப்பாவில் சீவும் கத்தி பரவும் முன் குளம்பைச் சீவியது இதுதான். இரண்டு அங்குலத்துக்கும் மேலான அகல அலகு, ஓரங்கள் மேல்நோக்கி மடிந்து, தண்டு வளைந்து உயரும். மேல் முனையில் மரக்கட்டையை மாட்டித் தோளில் கொடுத்துத் தள்ளுவார்கள். கிடைத்தால் கரண்டி என்று நினைத்துவிடக் கூடாது. அரிய பொருள்.

*அரம்.* 14 அங்குலத்துக்கும் நீளமான, அகலமான அரம். ஒரு முகத்தில் முள் முள்ளாகக் கரடான பல், மறு முகத்தில் கோட்டுப் பல். மரவேலை அரம் இதில் பாதிதான் இருக்கும். முழு அரம் கிடைப்பது குறைவு, ஏனென்றால் நல்ல எஃகைக் கொல்லர் விட்டுவைக்க மாட்டார். தேய்ந்த அரத்தைக் காய்ச்சிக் கத்தியாகவும் உளியாகவும் அடித்துவிடுவார். உங்கள் வீட்டுப் பழைய வெட்டுக்கத்தியின் அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மங்கலாகப் புள்ளி வரிசை தெரிந்தால் அது ஒரு காலத்தில் அரமாக இருந்தது.

*சுத்தியல்.* ஆணி அடிக்கும் சுத்தியலின் தலை சிறியது, அரை கிலோவுக்குள்தான். ஒரு பக்கம் வட்ட முகம், மறுபக்கம் குட்டையான பிளவு. குளம்புச் சுவரில் வெளிவந்த ஆணி நுனியை அந்தப் பிளவில் மாட்டி முறுக்கி ஒடிப்பார்கள். முன்பு சொன்ன ஆணி முனைகள் இப்படி விழுந்தவை. கனமான தலையும் கோடாலி போல் மொட்டை விளிம்பும் உள்ள கருவி கிடைத்தால், அது லாடத்தில் வாய்க்கால் அடிக்கும் உலைக் கருவி.

தோலைத் தொட்டவை

குரப்பம் என்கிற தேய்ப்பான் எளிதில் அடையாளம் தெரியும். ஒரு முதுகுத் தகட்டில் பல் வெட்டிய ஐந்தாறு பட்டைகளை வரிசையாக நிறுத்திப் பதித்திருப்பார்கள். பின்னால் கைப்பிடி. பக்கங்களில் இரண்டு கட்டி முனைகள் துருத்திக்கொண்டிருந்தால், சேர்ந்த அழுக்கைத் தரையில் தட்டி உதிர்ப்பதற்காக வைத்தவை. தகடு மெல்லியது என்பதால் மண்ணில் முதலில் உளுத்துப்போகும். தனிப் பட்டையாகக் கிடைத்தால் ரம்பத் துண்டு என்று தோன்றும். ரம்பப் பல் ஒரு பக்கம் சாய்ந்து, மாறி மாறி வளைந்திருக்கும். குரப்பத்தின் பல் நேராக, ஒரே சீராக, மொட்டை நுனியோடு இருக்கும்.

வேர்வை வழிக்கும் பட்டை நீண்ட, மெல்லிய பித்தளை அல்லது இரும்புத் தகடு. சில சமயம் இருமுனையிலும் பிடி இருக்கும். கூர் எங்கும் இருக்காது. பிடரி மயிர் சீவும் சீப்பின் பல் தடிமன், இடைவெளி அதிகம், மொத்த நீளம் கையடக்கம். சிறு பித்தளைச் சீப்புக் கிடைத்தால் வீட்டுப் பெண்களுடையது என்று முடிவு செய்யும் முன் பல்லின் கனத்தைத் தொட்டுப் பாருங்கள்.

வாய்க்குள் போனவை

குதிரையின் கடைவாய்ப் பற்கள் ஆயுள் முழுதும் மேலே வந்துகொண்டே இருக்கும். அரைக்கும்போது ஓரங்கள் கூராகிக் கன்னத்தைக் கிழிக்கும். அதைத் தேய்க்க, ஒன்றரை இரண்டு அடி நீளக் கம்பியின் நுனியில் சிறு அரத் துண்டைப் பொருத்திய கருவி உண்டு. அரத்துக்குப் பிடி ஏன் இவ்வளவு நீளம் என்று திகைக்க வைக்கும் பொருள் கிடைத்தால் கடைவாயை நினையுங்கள்.

வாயைத் திறந்து பிடிக்கும் இரும்புச் சட்டம் ஒன்றும் உண்டு. கை நுழையும் அளவு வளையம், கீழே பிடி, விளிம்புகள் உருட்டி வழவழப்பாக்கியது. இதன் வழியே மருந்து உருண்டையைத் தொண்டைக்குள் வைப்பார்கள். மருந்து புகட்ட மாட்டுக்கொம்பும் மூங்கில் கொட்டமும் இருந்தன. அவை மண்ணில் தங்குவதில்லை.

கடிவாளத்தின் வாய்த்துண்டு பராமரிப்புக் கருவி அல்ல என்றாலும் இவற்றோடு சேர்ந்தே கிடைக்கும். நடுவில் மூட்டு வைத்து இரு பக்கமும் வளையம் இருந்தால் எளிய கடிவாளம். நடுவில் மேடும் இரு பக்கமும் நீண்ட தண்டும் இருந்தால் தாடையை அழுத்தும் கடுமையான வகை. வாய்த்துண்டில் முட்கள் இருந்தால் இந்திய நாட்டு வழக்கத்து முள் கடிவாளம். வாய்த்துண்டின் நீளம் 5 அங்குலத்தை ஒட்டியிருக்கும். மேலும் நீளமாக இருந்தால் அது சங்கிலித் துண்டோ கதவுத் தாழோ என்று சந்தேகியுங்கள்.

இரத்தக் கத்தியும் சூட்டுக்கோலும்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் நோயுற்ற குதிரைக்கு இரத்தம் குத்திவிடுவது வழக்கமான மருத்துவம். அதற்கான கத்தி கையில் அடங்கும் பித்தளை உறைக்குள் மடங்கியிருக்கும். விரித்தால் இரண்டு, மூன்று அலகுகள். ஒவ்வொன்றும் மொட்டைப் பட்டை. நுனிக்கு அருகில் பக்கவாட்டில் மட்டும் முக்கோணமாகவோ அரைவட்டமாகவோ ஒரு கூர் துருத்தும். அந்தக் கூரைக் கழுத்துச் சிரையின் மேல் வைத்து, ஒரு கட்டையால் அலகின் முதுகில் ஒரே தட்டு. அளவுக்கு மேல் ஆழமாகப் போகாதபடி கூரின் உயரமே தடுத்துவிடும். மடக்குக் கத்தி போலத் தெரிந்தாலும் வெட்டும் விளிம்பு பக்கவாட்டில் மட்டும் இருந்தால் இதுதான். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து முத்திரை இவற்றில் அடிக்கடி காணப்படும். துருவுக்கு அடியிலும் கூர் தப்பியிருக்கலாம். திறக்க முயல வேண்டாம்.

சூட்டுக்கோல் நீண்ட கம்பி, நுனியில் சிறு கோடாலி வடிவம் அல்லது கூர். கால் தசைநாண் வீங்கிய குதிரைக்கு வரி வரியாகச் சூடு போடுவார்கள். உரிமைக் குறி இடும் கோலில் எழுத்தோ சின்னமோ இருக்கும், இதில் இருக்காது. வலி மிகுந்த வைத்தியம் இது. இன்று நாம் அதை ஏற்க மாட்டோம். ஆனால் அப்படியொரு வைத்தியம் இருந்ததற்கு இந்த இரும்புகளே சாட்சி. பாதுகாக்க அதுவே போதுமான காரணம்.

லாயமும் வண்டியும் விட்டுச்சென்றவை

நம் நாட்டில் குதிரையை முன்கயிறு, பின்கயிறு இரண்டும் போட்டு வெட்டவெளியில் கட்டுவது வழக்கம். ஆகவே வளையம் வைத்த இரும்பு முளைகள் நேர்வரிசையில் கிடைத்தால் படைக் குதிரைகள் நின்ற இடமாக இருக்கலாம். அங்கவடியின் அடித்தட்டு, சேணத்தின் பித்தளைக் கொக்கி, வார் ஓடும் வளையங்கள், கழுத்து மணி, ஜட்காவின் வில்தட்டு, விளக்குத் தாங்கி ஆகியவையும் வரும். குதிரைச் சேணம் எப்படிப் பூட்டப்பட்டது என்று கண்ணால் பார்க்க விரும்புகிறவர்கள் ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்துத் தூண்களுக்குப் போகலாம். பாயும் குதிரைகளில் கடிவாளமும் வார்களும் அங்கவடியும் கல்லிலேயே விவரமாக இருக்கின்றன.

வயதை மதிப்பிட

துருவின் அளவைக் கொண்டு வயது சொல்ல முடியாது. உப்பு மண்ணில் முப்பது ஆண்டில் உளுத்துவிடும் இரும்பு, வறண்ட செம்மண்ணில் இருநூறு ஆண்டு நிற்கும். பார்க்க வேண்டியவை வேறு.

அரிப்பு நூல் நூலாக, மரத்தின் நார் போல நீளவாக்கில் ஓடினால் அது அடித்து உருவாக்கிய பழைய தேனிரும்பு. சிறு சிறு குழிகளாக ஒரே சீராக அரித்திருந்தால் பின்னாளைய எஃகு. அமெரிக்காவில் ஹென்றி பர்டன் லாடம் செய்யும் இயந்திரத்துக்கு 1835இல் காப்புரிமை பெற்றார். இயந்திர லாடத்தில் துளைகளும் வாய்க்காலும் பிசகின்றி ஒரே அளவில் இருக்கும். கையால் அடித்ததில் ஒவ்வொரு துளையும் சிறிது மாறும். துருப்பிடிக்காத எஃகு என்றால் 1913க்குப் பிந்தியது, அதற்குமுன் அந்த உலோகம் புழக்கத்தில் இல்லை. கருவியில் அகன்ற அம்புக்குறி பொறித்திருந்தால் அது ஆங்கிலேய அரசின் உடைமை, படைப் பொருள்.

சுத்தம் செய்வதில் நிதானம்

கம்பி பிரஷ், எமரித் தாள், அமிலம் மூன்றையும் தள்ளி வையுங்கள். துருவுக்குள்தான் முத்திரையும் தேய்மானமும் இருக்கின்றன. நிழலில் மெல்லக் காயவிட்டு, மூங்கில் குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் மண்ணை மட்டும் எடுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் துலக்குவது நம் கைப்பழக்கம். இங்கே அதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். பளபளப்பு வரும், பழமை போய்விடும். மரமோ தோலோ ஒட்டியிருந்தால் காயவிடாமல் ஈர மண்ணோடு நெகிழிப் பையில் வைத்து அருங்காட்சியகத்தைக் கேளுங்கள். மற்றவற்றைக் காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைத்தால் போதும்.

சட்டம் சொல்வது

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்து கிடைத்த பொருளின் மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன பொருள், எங்கே, எப்போது என்ற விவரம் அதில் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் அல்லது வட்டாட்சியரிடம் கேட்டால் வழி சொல்வார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டம் 100 ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்கிறது. பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தை ஒட்டிய நிலமென்றால் அனுமதி இல்லாமல் தோண்டவே கூடாது. இந்த விதிகளைக் கண்டு பயந்து பொருளை எடைக்குப் போடுகிறவர்கள் உண்டு. தகவல் சொல்கிறவருக்கு இவற்றால் பாதுகாப்புதான்.

பதிவு அட்டை

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். அதில் இருக்க வேண்டியவை:

1. கிடைத்த நாள், சர்வே எண், ஆழம், உடன் கிடந்த பொருள்கள்.
2. நீளம், அகலம், தடிமன், எடை. காந்தம் ஒட்டுகிறதா.
3. வேலை செய்யும் முனை: கூரா, மொட்டையா, பல்லா, சுருளா.
4. அடி வாங்கிய இடம், தேய்ந்த இடம், ஒடிந்த இடம்.
5. முத்திரை, எழுத்து, எண்.
6. குதிரையின் எந்த உறுப்பைத் தொட்டது என்ற உங்கள் ஊகம். உறுதியா, சந்தேகமா என்பதையும் சேர்த்து.
7. ஊரில் இதைப் பார்த்துச் சொன்னவர் என்ன சொன்னார்.

முதலாவதைத் தோண்டும்போதே எழுதிவிட்டு, அடுத்ததாக ஏழாவதைச் செய்யுங்கள். மற்ற ஐந்தும் பத்து ஆண்டு கழித்தும் செய்யக்கூடியவை, இரும்பு காத்திருக்கும். ஜட்கா ஓட்டியவர்களும் லாடம் அடித்தவர்களும் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். கிடைத்த கருவியை எடுத்துக்கொண்டு அவர்களிடம் போங்கள். பெயரைக் கேட்பதோடு நிறுத்தாமல், எப்படிப் பிடிப்பது என்று கையில் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பிடியைக் கைப்பேசியில் பதிவு செய்து அட்டையோடு சேர்த்து வையுங்கள்.